பெயர் இல்லாத உறையில் வந்த ‘தண்ணிக் குளிசை’

யாழ்ப்பாணத்தில் வயதான பெற்றோரோடு இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். குளிசை தந்த பாமசியின் பெயரைப் போட முடியவில்லை, என்னிடம் பில் இல்லை. அந்தக் கதையும் கீழே வருகிறது.

அம்மாவுக்கு 68 வயது, பிறசர்காரி. நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னர்தான் கிளினிக்கில் அம்லோடிபின் என்ற பிறசர் குளிசையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியிருந்தார்கள். திருவிழா 25 நாளும் அவருக்கு விரதம், ஒரு நேரச் சாப்பாடு, வெறுங்காலோடு நடை. பத்தாம் திருவிழா அளவில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. கணுக்காலுக்கு மேல் விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வெயிலில் நடந்த நடைதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது எங்கள் பிழை.

கோயிலால் வரும் வழியில் அம்மா ஒரு பாமசியில் காலைக் காட்டியிருக்கிறார். “தண்ணி கோத்திருக்கு அம்மா. காலமை ஒண்டு, இரவு ஒண்டு போடுங்கோ, வத்திப்போகும்.” அவ்வளவுதான். டொக்டரின் துண்டு கேட்கவில்லை, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. வெள்ளைக் கடதாசி உறை, மேலே பேனையால் 1 – 1.

வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் இரவில் நாலு தரம், ஐந்து தரம் எழும்பினார். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றார், வாய் காய்கிறது என்றார். தேருக்கு முதல்நாள் இரவு கிணற்றடி தாண்டிக் கக்கூசுக்குப் போனவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

என்ன குளிசை என்று டொக்டர் கேட்டபோது உறையை நீட்டினேன். மட்டையை வெட்டிக் கொடுத்திருந்ததால் ‘மைட்’ என்ற கடைசித் துண்டும் 40 என்ற இலக்கமும்தான் மிச்சம். சிறுநீரை இறக்கும் பியூரோசமைட் என்று அவரே கண்டுபிடித்தார். இரத்தத்தில் குறைந்தது 3.5 இருக்கவேண்டிய பொட்டாசியம் என்ற உப்பு 2.8. அது இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே குழம்பலாமாம்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு விளங்காமல் இருந்த விசயம். அம்லோடிபின் சிறு நாடிகளை விரித்துவிட, நீர் கசிந்து காலில் இறங்குகிறது. உடம்பில் தண்ணீர் கூடிப்போய் வந்த வீக்கம் இல்லை அது. சிறுநீரை இறக்கும் மருந்து இரத்தத்தில் இருக்கும் நீரையும் உப்பையும்தான் வெளியேற்றும். விரதம் வேறு, கேட்கவா வேண்டும். போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கி ஆறு மணித்தியாலம் அளவில் நிற்கிற குளிசையை இரவில் போடச் சொன்னது என்ன கணக்கோ!

மருந்தைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமி இதயப் பலவீனத்துக்கு இதே குளிசையைத்தான் காலையில் போடுகிறார். ஆனால் அவர் தினமும் நிறை பார்க்கிறார், கிளினிக்கில் இரத்தம் சோதிக்கிறார்கள். இதயம், சிறுநீரகம், ஈரல், பிறசர் குளிசை என்று எதனாலும் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்கு அம்லோடிபினைப் பழையபடி 5 ஆக்கி, வேறொரு மருந்து சேர்த்தார்கள். இரண்டு கிழமையில் கால் வற்றிவிட்டது.

நான் அந்த உறையோடு பாமசிக்குப் போனேன். கடைக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதிலை எங்கட பேர் இல்லையே தங்கச்சி. பில் இருக்கோ?”