ஜோகன்னஸ்பர்க் – கேப் டவுன்: இணையத் தொலைவுக் கணிப்பான்கள் எந்த அளவுக்கு உதவுகின்றன?

இரண்டு விமான நிலையங்களைக் குறிப்பிட்டால் இடைப்பட்ட தொலைவையும் பயண நேரத்தையும் உடனே காட்டும் இணையக் கணிப்பான்கள் இன்று பல உள்ளன. அவற்றை எடைபோட, தென்னாப்பிரிக்காவின் மிக நெரிசலான உள்நாட்டு வான்வழியான ஜோகன்னஸ்பர்க் – கேப் டவுன் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். தொலைவைப் பொறுத்தவரை இவை நம்பத்தக்கவை. நேரத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்வதற்கில்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்திலிருந்து கேப் டவுன் விமான நிலையம் வான்வழியில் சுமார் 1,270 கிலோமீட்டர். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு கணக்கிட்டாலும், துருவங்களில் சற்றே தட்டையானதாகக் கொண்டு கணக்கிட்டாலும் விடை பெரிதாக மாறுவதில்லை. குழப்பம் வருவது அலகுகளில்தான். இதே தொலைவு சாதாரண மைலில் ஏறக்குறைய 790, கடல் மைலில் 686. எந்த மைல் என்று சொல்லாமல் வெறும் எண்ணைத் தரும் கருவியை ஒதுக்கிவிடலாம். நகரப் பெயரை மட்டும் ஏற்கும் கருவிகளிடமும் கவனம் தேவை. ஜோகன்னஸ்பர்க்கின் வடமேற்கில் லான்சீரியா என்ற இன்னொரு விமான நிலையமும் இருக்கிறது.

நேரத்துக்கு வருவோம். பெரும்பாலான கருவிகள் தொலைவை ஒரே சீரான வேகத்தால் வகுத்து விடையைத் தந்துவிடுகின்றன. மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். ஆனால், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலான நேரத்தையே விமான நிறுவனங்கள் அட்டவணையில் தருவதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் சேர்ந்து அது இரண்டு மணி நேரத்தையோ அதற்குச் சற்றுக் கூடுதலையோ எட்டுகிறது. தரைப் பணிகளுக்கென அரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும் கருவிகள் உண்மைக்கு நெருங்கி வருகின்றன.

காற்றைப் பற்றிப் பெரும்பாலான கருவிகள் பேசுவதே இல்லை. இந்த அகலாங்குகளில் உயரத்தில் வீசுவது பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்று. ஆகவே தென்மேற்கே கேப் டவுன் செல்லும் விமானம் அதை எதிர்த்துப் பறக்கிறது, திரும்பி வரும் விமானம் அதன் துணையோடு சற்று விரைவாக வந்து சேர்கிறது. இரு திசைக்கும் ஒரே நேரத்தை எழுதுவது கணக்குக்கு எளிது, பயணிக்கு உதவாது.

தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே நேர மண்டலம் என்பதால் இந்தத் தடத்தில் ஒரு தொல்லை குறைகிறது. நைரோபி – ஜோகன்னஸ்பர்க் தடத்தைக் கேட்டால் நிலைமை வேறு. சுமார் 2,900 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்தாலும், நைரோபிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருப்பதால், அந்தந்த ஊர் நேரப்படி போகும்போது மூன்று மணி நேரமும் வரும்போது ஐந்து மணி நேரமும் ஆனதாகத் தோன்றும். இதைக் கருவி விளக்க வேண்டும்.

மிகக் குறைந்த தொலைவுகளில் இவற்றின் கணக்கு வேடிக்கையாகிவிடுகிறது. காங்கோ ஆற்றின் இரு கரைகளிலுள்ள கின்ஷாசா, பிராசவில்லி ஆகிய நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு!

தான் எடுத்துக்கொண்ட வேகத்தையும் கூட்டிக்கொண்ட நிமிடங்களையும் வெளிப்படையாக எழுதும் கணிப்பானைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் ஓ.ஆர். தாம்போவில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இணைப்பு நேரத்தை நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.