பாதி டேங்க் இருந்தும் என்ஜின் பட்டினி: ஜெட் பம்ப், மின் பம்ப், சர்ஜ் டேங்க் ஒப்பீடு

பெட்ரோல் காட்டி பாதி டேங்க் என்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து நீண்ட வளைவில் போனால் என்ஜின் திணறுகிறது. டேங்க் மூடிகளைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் பெட்ரோல் தளும்புகிறது, பம்ப் இருக்கும் பக்கம் வறண்டு கிடக்கிறது. சேடில் டேங்க் உள்ள கார்களை மாற்றியமைத்தவர்களுக்குப் பழக்கமான கோளாறு இது. புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு இடம்விட டேங்கின் நடுவே மேடு வைத்து, இருபுறமும் குழிகள் விட்டிருப்பார்கள். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், நிசான் 350இசட், பிஎம்டபிள்யூ இ46 எல்லாம் இந்த வகை. இரண்டு மிதவைகளின் அளவும் சேர்ந்துதான் காட்டிக்குப் போகிறது, அதனால் எந்தப் பக்கம் காலி என்று அது சொல்லாது.

எதையும் வாங்குவதற்கு முன் கோளாறு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபியூயல் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தைப் பதிவு செய்து பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் மெல்லச் சரிந்தால் அது பம்பின் திறன், வயரிங், ஃபில்டர் சம்பந்தப்பட்டது. பேட்டரிக்கும் பம்ப் முனைக்கும் இடையே ஓடும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் முதலில் தனி ரிலேயும் தடித்த வயரும் போடுங்கள். நேர்ச்சாலையில் சரியாக இருந்து, வளைவில் மட்டும் அழுத்தம் வெட்டி விழுந்தால் பிக்-அப்பில், அதாவது பம்ப் பெட்ரோலை உறிஞ்சும் வாயில், காற்று ஏறுகிறது. அப்படி நின்ற உடனே, அசைக்காமல், இரண்டு குழிகளிலும் அளவுகுச்சி விட்டுப் பாருங்கள். இரண்டிலும் குறைவாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அவ்வளவுதான். ஒன்று நிறைந்து மற்றது காலி என்றால்தான் இது பரிமாற்றக் கோளாறு, அதாவது பெட்ரோல் ஒரு குழியிலிருந்து பம்ப் உள்ள குழிக்கு வந்து சேரவில்லை.

இனி ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: முழு மிதியில், என்ஜின் அதிகம் குடிக்கும் நேரத்தில், மறுபக்கத்துப் பெட்ரோலை இழுத்து வருவது எது?

ஜெட் பம்ப்

தொழிற்சாலையிலிருந்து வருவது இதுதான். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் மிச்சப் பெட்ரோல் (ரிட்டர்ன்) சிறு துளை வழியே பீய்ச்சும்போது ஏற்படும் உறிஞ்சல், மறுபக்கத்துப் பெட்ரோலை இழுத்து வருகிறது. மின்சாரம் வேண்டாம், சுழலும் பாகமும் இல்லை. ஆனால் அது ஓடுவது மிச்சத்தில். 400 குதிரைத்திறன் டர்போ என்ஜின் முழு மிதியில் மணிக்கு ஏறத்தாழ 145 லிட்டர் குடிக்கும். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறியதும் பம்ப் எதிர்கொள்ளும் அழுத்தமும் ஏறுவதால், மணிக்கு 255 லிட்டர் தரும் பம்ப் அப்போது 200 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஜெட்டுக்கு மிஞ்சுவது 55 லிட்டர். ஐடிலிலோ (மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) ஏறக்குறைய முழு ஓட்டமும் அதன் வழியே பாய்கிறது. தேவை இல்லாதபோது வெள்ளம், தேவைப்படும்போது சொட்டு. எத்தனால் கலந்த இ85 போட்டால் 30 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் குடிக்கும், மிச்சம் இன்னும் சுருங்கும்.

பம்பைப் பெரிதாக்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். அந்தச் சிறு துளை பெரிய பம்பின் ஓட்டத்தை நெரிக்க, ஐடில் அழுத்தம் 3 பாரில் நிற்காமல் ஏறுகிறது. ‘தடை’யை நீக்குவதாக நினைத்து ஜெட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அழுத்தம் சரியாகிவிடும். பெட்ரோல் பாதியான பிறகுதான் செய்த காரியம் புரியும். துளையை ஓரளவு பெரிதாக்குவதும், ரிட்டர்னை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் ஜெட்டுக்கு விடுவதும் இதைவிட நல்ல வழிகள். துளையை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் பாய்ச்சலின் வேகம் செத்து, உறிஞ்சலும் போய்விடும்.

ஜெட் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் வெளிவாயை அளவுக் குடுவையில் விட்டு பம்பை 30 விநாடி ஓட்டுங்கள். பிறகு உறிஞ்சும் ஹோஸை அடைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ஜெட் எதையும் இழுக்கவில்லை. துளையில் சீலண்ட் துணுக்கு, நசுங்கிய ஓ-ரிங், உறிஞ்சும் ஹோஸில் ஊசி முனை அளவு விரிசல் என்று தேடுங்கள். காற்று உறிஞ்சும் ஜெட்டால் பெட்ரோலை மேடேற்ற முடியாது. டேங்குக்குள் போடும் ஹோஸ், மூழ்கிக் கிடப்பதற்கென்றே வரும் ஜே30ஆர்10 தரமாக இருக்கட்டும். சாதாரண ஹோஸின் வெளித்தோல் பெட்ரோலில் ஊறி உரியும். (திறந்த டேங்க் அருகே ஸ்பார்க், சூடான விளக்கு எதுவும் கூடாது. பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் டேங்கிலிருந்து தள்ளி இருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.)

மின் பரிமாற்ற பம்ப்

மறுபக்கக் குழியில் ஒரு சிறு பம்ப். ரிட்டர்ன் எவ்வளவு என்பது இதற்குப் பொருட்டே இல்லை, முழு மிதியிலும் ஐடிலிலும் ஒரே வேகம். ரிட்டர்ன் லைன் இல்லாத கார்களிலும் பம்ப் வேகத்தை ஈசியூ (என்ஜின் கணினி) குறைத்துக் கூட்டும் கார்களிலும் இது எளிய தீர்வு. என்ஜினின் உச்சக் குடியை விடச் சற்று அதிகம் தந்தால் போதும். பம்ப் பக்கம் நிரம்பினால் மேட்டைத் தாண்டித் திரும்பி வழிந்துவிடும்.

பலவீனம் வறட்டு ஓட்டம். பம்பைக் குளிரவைப்பதும் வழுக்க வைப்பதும் பெட்ரோல்தான். மறுபக்கம் காலியான பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் ஆயுள் குறையும். மட்டம் பார்க்கும் சுவிட்ச் அல்லது பூஸ்ட் வந்தால் மட்டும் இயங்கும் ரிலே அவசியம். கெட்டால் சத்தமில்லாமல் கெடும் என்பதால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் வையுங்கள்.

சர்ஜ் டேங்க்

இதைப் பரிமாற்றத்துக்கு மாற்று என்று நினைப்பது பரவலான தவறு. 1 முதல் 3 லிட்டர் கொள்ளும் இந்தக் கலம், வளைவில் பிக்-அப் காற்றை உறிஞ்சும் சில விநாடிகளைச் சமாளிக்கிறது. நிமிடத்துக்கு 2.4 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு 2 லிட்டர் கலம் ஐம்பது விநாடிதான். மறுபக்கத்துப் பெட்ரோல் வராவிட்டால் அதுவும் காலியாகும்.

ரெகுலேட்டர் ரிட்டர்ன் சர்ஜ் டேங்குக்கே திரும்புவதால், டேங்கிலிருந்து இந்தக் கலத்தை நிரப்பும் லிஃப்ட் பம்ப் என்ஜின் குடிக்கும் அளவை மிஞ்சினால் போதும். கலத்திலிருந்து என்ஜினுக்குத் தள்ளும் உயர் அழுத்த பம்பின் அளவோடு போட்டியிட வேண்டாம். மேல்வாயிலிருந்து வழிவது பிரதான டேங்குக்குப் போகும் வழியில் பழைய ஜெட்டை ஓட்டலாம். அப்போது கலத்தில் ஏறும் எதிரழுத்தம் ரயில் அழுத்தத்தோடு கூடும், ஆகவே ரெகுலேட்டரை அதற்குப் பிறகே அமைக்க வேண்டும். இன்னொரு தொல்லை சூடு. ஒரே பெட்ரோல் மறுபடி மறுபடி சுற்றுவதால் போக்குவரத்து நெரிசலில் ஆவி கட்டும். கலத்தை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடிக்குழாய் இணைப்பு

இரு குழிகளின் அடியையும் குழாயால் இணைப்பது மலிவு, நின்றால் மட்டம் சமமாகும். வளைவில் அதே குழாய் வழியே பெட்ரோல் தவறான பக்கம் ஓடும். டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் தொங்குவதால் கல் அடிபட்டால் டேங்கே காலி. சாலைக் காருக்கு வேண்டாம்.

எந்த வழியானாலும் டேங்க் மூச்சுக் குழாயைப் பார்க்க மறக்காதீர்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கார்பன் கேனிஸ்டரைக் கழற்றியபோது அடைக்கப்பட்ட குழாயால் உள்ளே வெற்றிடம் உருவாகி, நல்ல பம்பும் திணறும். பெட்ரோல் மூடியைத் திருகும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

சாலையில் ஓட்டும் 400 குதிரைத்திறனுக்கு உட்பட்ட காரென்றால் ஜெட்டைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே சரி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது ஈடு செய்துவிடும். பந்தயத் தளத்தில் இடைவிடாமல் மிதிப்பவர்களுக்கு மின் பரிமாற்றமும் சர்ஜ் டேங்கும் சேர்ந்தே வேண்டும். கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் மின் பம்பை முதலில் போடுங்கள்.