டிராக்டர் பொக்லைன் கிட் வாங்கி ஏமாந்தோம்: படத்தில் உள்ள அளவைக் கழித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பொக்லைனைச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். நானும் என் தம்பியும் நான்கு மாதம் கண் விழித்துச் செய்தது இன்று கொட்டகையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பணம் போனது ஒரு பக்கம், அன்று தம்பிக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

நாங்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள் இல்லை. கலப்பை, டிரெய்லர், லெவல் பிளேடு எல்லாம் எங்கள் கையாலேயே வெல்டு வைத்துச் செய்தவை. ஹைட்ராலிக் மட்டும்தான் தெரியாது. அதனால் வரைபடம், அளவுக்கு வெட்டிய தகடு, ஏழு சிலிண்டர், ஆறு லீவர் வால்வு, பம்ப், ஹோஸ், பின் எல்லாம் சேர்த்து ஒரே கிட்டாகத் தருகிறேன், வெல்டு வைத்து மாட்ட வேண்டியதுதான் என்று ஒருவர் சொன்னபோது நம்பிவிட்டோம். முழுத் தொகையும் முன்பணமாகக் கேட்டார், கொடுத்தோம். பொருள் வந்ததும் தகடு கனத்தை வெர்னியர் வைத்துப் பார்த்தேன், சொன்ன அளவே இருந்தது. வெளியில் அளக்க முடிந்தது எல்லாமே சரியாக இருந்ததால் உள்ளே இருப்பதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

முதல் இடி வரைபடத்தில். பூமுக்கும் (டிராக்டர் பக்கம் இருக்கிற பெரிய தூக்கும் கை) பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற கைக்கு வரும் சிலிண்டருக்கு இரண்டு பின் நடுவில் குறைந்தபட்ச தூரம் 700 மி.மீ., அதிகபட்சம் 1,350 மி.மீ. என்று போட்டிருந்தது. கழித்துப் பாருங்கள், 650 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது ராடு வெளியே நீளும் தூரம், வேண்டும். மூடிய நிலையில் சிலிண்டரின் மொத்த நீளமே 700 என்றால் பிஸ்டன், முன் மூடி, அடி மூடி, இரண்டு முனைக் கண் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 50 மி.மீ. அப்படி ஒரு சிலிண்டரை எந்த லேத்திலும் செய்ய முடியாது. அவர் அனுப்பிய சிலிண்டரே மூடிய நிலையில் 860 இருந்தது! பணம் கட்டும் முன்பே படத்தைக் காட்டியிருந்தார், அதே அளவுகள் அதிலும் இருந்தன, ஐந்து நிமிடம் உட்கார்ந்து கழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போன் செய்தால், "அண்ணே, அந்தக் காதைக் கொஞ்சம் தள்ளி வெல்டு வெச்சுக்கோங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். தள்ளி வைத்தோம். காது என்பது சிலிண்டரின் பின் மாட்டுகிற துளைத் தகடு, அதன் இடம் மாறினால் கை மடங்குகிற கோணமும் இழுவையும் சேர்ந்து மாறும், எங்களுக்குக் கை பாதிக்கு மேல் மடங்கவே இல்லை.

அடுத்தது பம்ப். பி.டி.ஓ. (இன்ஜின் விசையை டிராக்டருக்குப் பின்னால் தரும் சுழல் தண்டு) பம்ப் என்று சொல்லி விற்றார், ஆனால் வந்தது சாதாரண கியர் பம்ப், அந்தத் தண்டின் பல்வரிசையில் (ஸ்ப்லைன்) நேராக மாட்ட ஒரு கப்ளிங் மட்டும் போட்டிருந்தார்கள். பி.டி.ஓ. சுற்றுவது நிமிடத்துக்கு 540. இந்த மாதிரி பம்புக்கு 1,500 சுற்றாவது வேண்டும், அதனால் நடுவில் ஒன்றுக்கு மூன்று என்று வேகம் கூட்டும் கியர்பாக்ஸ் வர வேண்டும். அது வரவில்லை. ஒரு சுற்றுக்கு 20 சி.சி. தள்ளும் பம்ப் 540 சுற்றில் நிமிடத்துக்குப் பதினொரு லிட்டர்கூடத் தராது. எங்கள் பூம் சிலிண்டர் 80 மி.மீ. போர் (உள் விட்டம்), 650 ஸ்ட்ரோக், அது நிறைய மூன்றே கால் லிட்டர் ஆயில் வேண்டும். கணக்குப்படி 18 விநாடி ஆக வேண்டும், நிஜத்தில் அரை நிமிடத்துக்கு மேல் ஆனது.

மெதுவாக இருக்கிறது என்று சொன்னதற்கு அவர் தந்த பதில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. "ரிலீஃப் வால்வை உள்ளே இறுக்குங்க" என்றார். அளவுக்கு மேல் பிரஷர் ஏறாமல் ஆயிலைத் திருப்பிவிடுகிற வால்வு அது. அதை இறுக்கச் சொன்னால் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேகம் வருவது பம்ப் தள்ளும் ஆயில் அளவால், பலம் வருவது பிரஷரால். ரிலீஃபை எவ்வளவு இறுக்கினாலும் பூம் ஒரு விநாடிகூட வேகமாக ஏறாது, மாட்டிக்கொண்ட இடத்தில் பிரஷர் மட்டும் எகிறும். கிட்டில் பிரஷர் கேஜ் தரவில்லை. பின்னால் நாங்களே வாங்கி மாட்டிப் பார்த்தபோது முள் 210 பாரில் நின்றது. 80 மி.மீ. சிலிண்டரில் 160 பார் என்றால் எட்டு டன் தள்ளும், 210 என்றால் பத்தரை டன்னுக்கு மேல். அத்தனையும் தாங்க வேண்டியது நாங்கள் போட்ட வெல்டும் அவர் தந்த பின்னும். பின்னில் அரம் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், கடினப்படுத்தாத பச்சை இரும்பு மாதிரி அரம் கடித்தது.

ஹோஸில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அப்போதுதான் படித்தேன். அரை அங்குல ஹோஸ், உள்ளே ஒரே கம்பி வலை, அதற்கு வேலை பிரஷர் 160 பார். இரண்டு கம்பி வலை உள்ளதை அவர் தந்திருந்தால் அதே அரை அங்குலத்தில் 275 வரை போகலாம். ஒரு நாள் பக்கெட் ஹோஸின் ஃபிட்டிங் ஓரத்தில் புகை மாதிரி லேசாக ஏதோ வர, தம்பி எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கப் போனான். கையைப் பிடித்து இழுத்தேன். ஊசித் துளையில் அந்தப் பிரஷரில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். கை வைக்கவே வைக்காதீர்கள்.

சிலிண்டர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றைக் கண்ணால் பிடிக்கலாம், இதைப் பிடிக்க முடியாது. மூன்று ராத்திரி பனியில் நின்றதும் ராடில் துருப்புள்ளி விழுந்தது. ஹார்ட் குரோம் போட்ட ராடு அவ்வளவு சீக்கிரம் துரு பிடிக்காது, இது வெறும் பாலிஷ். பூம் சிலிண்டரை முழுதாக நீட்டி முட்டவைத்து, இன்ஜினை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டு, ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்தோம். பிறகு அடிப்பக்கம் மட்டும் பிரஷர் கொடுத்தோம், தள்ளி நின்றுதான். பிஸ்டன் சீல் நன்றாக இருந்தால் திறந்த துவாரத்தில் ஒன்றும் வரக்கூடாது. எங்களுக்குக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஆயில் கொட்டியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஹோனிங் செய்த (உள்சுவரை வழவழப்பாகத் தேய்த்த) டியூபே இல்லை. சாதாரண சீம்லெஸ் பைப்பை அப்படியே வெட்டி மூடி போட்டிருக்கிறார்கள். நீளவாக்கில் கோடுகள், நகம் வைத்தால் தட்டுகிறது, சீல் நார் நாராகக் கிழிந்திருந்தது. ஹோன் செய்தது உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். ஏழில் மூன்றைப் பிரித்தோம், மூன்றும் அப்படித்தான்.

இதெல்லாம் தெரிய வருவதற்கு முன்னால் நடந்ததுதான் தம்பியின் விஷயம். வரைபடம் டிராக்டரின் த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் (பின்னால் கலப்பை மாட்டுகிற மூன்று இணைப்பு) நேராக மாட்டும்படி இருந்தது. மாட்டுவது சுலபம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். தம்பி பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு பழைய வேரைத் தோண்டிக்கொண்டிருந்தான். பக்கெட் வேருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பூமைக் கீழே அழுத்தியபடி கையை உள்ளே இழுத்தான். வேர் வரவில்லை, அதற்குப் பதில் மொத்தச் சட்டமும் எழும்பியது. நிறைய டிராக்டர்களில் கீழ் லிங்க் இரண்டும் தூக்கும், ஆனால் கீழ்நோக்கிப் பிடித்து வைக்காது, கீழிருந்து தள்ளினால் தாராளமாக மேலே போகும். ஊன்றுகால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்ப, "அண்ணா, சீட்டு தூக்குது" என்று கத்தினான், அதற்குள் சீட்டோடு அவன் டிராக்டர் பக்கம் சாய்ந்து, முதுகு மட்கார்டில் போய் அழுந்திவிட்டது. லீவரை விட்டுவிட்டான். ஸ்பிரிங் இருந்ததால் லீவர் நடுவுக்கு வந்து இயக்கம் நின்றது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால்... அதற்கு மேல் எழுத முடியவில்லை. முதுகில் கன்றிய காயத்தோடு போயிற்று. டிராக்டரில் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஒரு போல்ட் வளைந்திருந்தது, பின் ஹவுசிங் வார்ப்பிரும்பு, அது விரிசல் விட்டிருந்தால் டிராக்டரும் போயிருக்கும்.

பொக்லைனைத் தாங்க, பின் ஆக்ஸிலில் இருந்து டிராக்டரின் அடிவழியாக முன்பக்கம் வரை ஓடும் சப்ஃபிரேம் வேண்டும், தோண்டும் விசை அதன் வழியாகப் போக வேண்டும். விற்றவரிடம் இதைச் சொன்னேன். "அது வேணும்னா தனியா ஆர்டர் கொடுங்க" என்றார். தெரிந்தே தராமல் விட்டிருக்கிறார் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே புரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நீங்கள் காதை இடம் மாற்றி வெல்டு வைத்தீர்கள், ரிலீஃபைத் திருகினீர்கள், அதனால் பொறுப்பேற்க முடியாது என்றார். இரண்டும் அவர் போனில் சொல்லி நாங்கள் செய்தவை, எழுத்தில் எதுவும் இல்லை. எதைச் சொன்னாலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நாங்கள் அதைச் செய்யவில்லை.

நாங்கள் இப்போது சப்ஃபிரேமுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம். சிலிண்டரை இந்த முறை நேரில் போய், மூடி போடும் முன் டியூபைப் பார்த்துவிட்டு, எங்கள் கண் முன்னால் பிரஷர் ஏற்றிக் காட்டிய பிறகுதான் வாங்கப்போகிறோம். தம்பி இன்னும் அந்த சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறான், நானும் கேட்கவில்லை.

அதே கிட்டை அவர் இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார். போன வாரம் தெரிந்தவர் ஒருவர் தனக்கு வந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார், கைச் சிலிண்டருக்கு அதே 700, அதே 1,350. உங்களிடம் யாராவது காட்டும் படத்தில் இந்த இரண்டு எண்ணும் இருந்தால் வாங்காதீர்கள்.