ஃபிளாட் 10%: உண்மை வட்டியைக் கண்டுபிடிக்க நியூட்டனா, பைசெக்‌ஷனா?

அண்ணா சாலையில் ஒரு பைக் ஷோரூம். ஒரு லட்சம் கடன், 24 மாதம், தவணை 5,000 ரூபாய். “ஃபிளாட் பத்து பர்சென்ட்தான் சார்.” ஃபிளாட் என்றால் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி. அசல் மாதாமாதம் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மை வட்டி எவ்வளவு? மாத வட்டியை ‘வ’ என்று வைத்தால், தீர்க்க வேண்டிய சமன்பாடு இது (20 என்பது கடன் ÷ தவணை):

1 − (1+வ)⁻²⁴ − 20வ = 0

இதற்கு நேரடி சூத்திரம் கிடையாது. ஒரு ஊகத்தில் தொடங்கித் திருத்திக்கொண்டே போக வேண்டும். விடை மாதம் சுமார் 1.513%, அதாவது ஆண்டுக்கு 18% சொச்சம்.

நியூட்டன்-ராப்சன் முறை ஊகப் புள்ளியில் வளைவுக்குத் தொடுகோடு போட்டு, அது அச்சை வெட்டும் இடத்தை அடுத்த ஊகமாக எடுக்கும். அதில் 2% என்று தொடங்கினால் அடுத்த படி 1.596%, அதற்கடுத்து 1.517%. பிரமாதமான வேகம். ஆனால் 0.5% என்று தொடங்கிப் பாருங்கள், பூஜ்யத்தில் போய் நிற்கும். வ = 0 போட்டாலும் சமன்பாடு சரியாகிவிடுகிறதே! கணக்கு தப்பில்லை, வட்டியில்லாக் கடன்தான் நம்ப முடியாதது. 0.75% இன்னும் வேடிக்கை. அங்கே வளைவு ஏறக்குறைய படுத்திருப்பதால் தொடுகோடு ஒரே எட்டில் மாதம் 16.6%க்குத் தூக்கி எறிகிறது. அங்கிருந்து விடைக்குத் திரும்பிவிடும் என்பது வேறு விஷயம். எல்லாச் சார்பும் அப்படித் திரும்பாது: ய³ − 2ய + 2 = 0 கணக்கில் ய = 0 என்று தொடங்கினால் 0, 1, 0, 1 என்று முடிவில்லாமல் ஆடும்.

பைசெக்‌ஷன் (விடை இருக்கும் இடைவெளியை ஒவ்வொரு படியிலும் பாதியாக வெட்டும் முறை) மந்தம். 1%க்கும் 2%க்கும் நடுவே வைத்தால் ஏழு படியில்தான் இடைவெளி 0.01%க்குக் கீழே வரும். ஆனால் முனைகளில் குறி மாறுகிறது, சார்பும் தொடர்ச்சியானது, ஆகவே விடை கைநழுவாது. அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பும் (ய−1)² மாதிரிச் சார்பு என்றால் குறியே மாறாது, பைசெக்‌ஷனால் தொடங்கவே முடியாது. நியூட்டனும் அங்கே படிக்குப் பாதிப் பிழையைத்தான் குறைக்கும்.

இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்து, அது அச்சை வெட்டும் இடத்தில் இடைவெளியைக் குறுக்கும் ரெகுலா ஃபால்ஸியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நம் கணக்கில் 2% முனை அப்படியே ஒட்டிக்கொள்ளும், இடது முனை மட்டும் நகரும். கடைசி இரண்டு ஊகங்கள் வழியாகக் கோடு போடும் செகண்ட் (secant) முறைக்கு வகைக்கெழு (வளைவின் சாய்வு) வேண்டாம், வேகமும் உண்டு, பாதுகாப்புதான் இல்லை.

பரீட்சைத் தாளில் நியூட்டன் போதும். கம்ப்யூட்டரில் என்றால் பிரென்ட் முறை: ரிச்சர்ட் பிரென்ட் 1973இல் வெளியிட்டது, செகண்ட் மாதிரி வேகமாகப் போய்ப் பார்க்கும், சரிவராவிட்டால் பைசெக்‌ஷனுக்கு இறங்கிவிடும். பைத்தான் மொழியின் சைபை (SciPy) நூலகத்தில் தயாராக இருக்கிறது. எல்லையை மட்டும் பூஜ்யத்தில் தொடங்காமல் 1%இலிருந்து கொடுங்கள்.