மெடூசா: ஹெசியோடின் கோர்கனும் ஓவிடின் பெண்ணும்

கிரேக்கக் கவிஞர் ஹெசியோடிடம் (கி.மு. 700 அளவில்) மெடூசா பிறவியிலேயே கோர்கன் எனும் அரக்கி, மூன்று சகோதரிகளில் அவளுக்கு மட்டும் சாவு உண்டு. கடல் தெய்வம் போசைடன் அவளோடு கூடுவது பூத்துக் கிடக்கும் புல்வெளியில். சாபம் எதுவும் கிடையாது. வீரன் பெர்சியஸ் அவள் தலையை வெட்டியதும் சிறகுக் குதிரை பெகாசஸும் கிரைசயோரும் அவள் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள்.

ஓவிட் சுமார் 700 ஆண்டு பிந்திய ரோமானியக் கவிஞர். அவரிடம் அவள் கூந்தலழகி. மினர்வா தேவியின் கோயிலில் நெப்டியூன் (போசைடனின் ரோமானியப் பெயர்) அவளை வன்புணர்கிறான்; தண்டனையோ அவளுக்கு, கூந்தல் பாம்பாகிறது. இன்று நம்மை உலுக்குவது இந்த அநீதிதான்.

ஆனால் இதையே ஆதி கிரேக்கக் கதையென்று எடுத்துக்கொண்டால் கோர்ஃபுத் தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்புச் சிற்பம் (கி.மு. 580 அளவில்) புரியாது. அங்கே மெடூசா பாம்புகளை இடைக்கச்சையாகக் கட்டி, பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நிற்க, நாக்கை நீட்டி மிரட்டுகிறாள். தலை இன்னும் உடலில்தான் இருக்கிறது!