கணினியிலிருந்து கேம் கன்சோலுக்குப் படம்: கோளாறை எந்த சர்வர் காட்டிக்கொடுக்கிறது?

கணினியில் இருக்கும் படத்தை வீட்டு நெட்வொர்க் வழியாகக் கன்சோலுக்கு அனுப்பும் மென்பொருள்தான் இங்கே சர்வர். ஒழுங்காக ஓடும் வரை எல்லா சர்வரும் நல்ல சர்வர்தான். கன்சோலில் படம் வராமல் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதனால் மற்ற வசதிகளை விட்டுவிட்டு, கோளாறு எங்கே என்று எது காட்டுகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

விண்டோஸிலேயே இருக்கும் மீடியா ஸ்ட்ரீமிங்குக்கு எதையும் நிறுவ வேண்டாம். இயக்கிவிட்டு, சாதனப் பட்டியலில் கன்சோலுக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் ஏதாவது பிசகினால் காரணத்தைச் சொல்லாது.

யூனிவர்சல் மீடியா சர்வர், பிஎஸ்3 மீடியா சர்வர் என்ற பழைய திட்டத்திலிருந்து கிளைத்தது. ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி அமைப்புக் கோப்பு வைத்துக்கொண்டு, அதில் ஓடாததை மாற்றி அனுப்பும். பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பைத் தொடவே தொடாது. இதன் வழியாக அனுப்பினால் ஓடும். பழைய கன்சோல் வைத்திருப்பவர்கள் இதையே போடுங்கள்.

இந்த இரண்டும் டிஎல்என்ஏ வழியில், அதாவது வீட்டுச் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் படம் பகிரும் பொதுவான முறையில், போவதால் தலைவலியும் ஒன்றுதான்: கன்சோல் கண்ணுக்கு சர்வர் தெரியாது. கன்சோல் 239.255.255.250 என்ற முகவரிக்கு, யுடிபி 1900 போர்ட்டில் ‘யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். விண்டோஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தாலோ, கணினி, கன்சோல் இரண்டில் ஒன்று மட்டும் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ அந்தக் கேள்வி கணினிக்குப் போய்ச் சேராது. பிஎஸ்4க்கு டிஎல்என்ஏ பிளேயர் 2015இல் வந்தது. பிஎஸ்5இல் அது இல்லவே இல்லை. அங்கே தேடித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பிளெக்ஸ் என்ற இன்னொரு சர்வரின் செயலிக்குப் போய்விடுங்கள்.

பிளெக்ஸ், அதைப் போன்ற ஜெல்லிஃபின் என்ற சர்வர், இரண்டிலும் எனக்குப் பிடித்தது, கன்சோலைத் தொடாமலே சோதிக்கலாம் என்பது. அதே வைஃபையில் இருக்கும் ஃபோன் பிரவுசரில் கணினியின் ஐபி முகவரியைப் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, பிளெக்ஸ் என்றால் 32400/web, ஜெல்லிஃபின் என்றால் 8096 சேருங்கள். பக்கம் திறந்தால் சர்வர் சரி, ஃபயர்வாலும் சரி. மிச்சம் கன்சோல் பக்கம். திறக்காவிட்டால் கணினியில்தான் வேலை.

அப்புறம் அந்தப் பிரபலமான சிக்கல். படம் அருமையாக ஓடுகிறது, சப்டைட்டில் போட்ட அடுத்த நொடி திக்க ஆரம்பிக்கிறது. உடனே எல்லோரும் வைஃபையைத் திட்டுவார்கள். ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் விவரத்தைப் பாருங்கள். டிரான்ஸ்கோடிங் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது) நடக்கிறது என்பதோடு, ஏன் நடக்கிறது என்றும் எழுதியிருக்கும்: சப்டைட்டில் வகையைக் கன்சோல் ஏற்கவில்லை. புளூ-ரேயிலிருந்து வரும் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் பதித்து, முழு வீடியோவையும் கணினி மறுபடி உருவாக்குகிறது, பிராசசர் திணறுகிறது. எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பு ஒன்றைப் படத்தின் பக்கத்தில் வைத்து, அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. காரணத்தை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடுவதால்தான் ஜெல்லிஃபினை முதலிடத்தில் வைக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு வழியாக வீடியோவை மாற்றும் வசதியும் இதில் இலவசம். பிளெக்ஸில் அதற்குச் சந்தா வேண்டும். குறை ஒன்று உண்டு: எக்ஸ்பாக்ஸுக்கு ஜெல்லிஃபின் செயலி இருக்கிறது, பிளேஸ்டேஷனுக்கு இல்லை.

டிரான்ஸ்கோடிங் எதுவும் இல்லாமலே திக்கினால் மட்டும் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். 2013இல் வந்த முதல் பிஎஸ்4க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். அதற்கு எந்த சர்வரை மாற்றியும் பயனில்லை, ஒரு லேன் கேபிளைச் செருகுங்கள்.