ஒரே ஒர்க்ஃப்ளோ, மூன்று பில்

ஒரு வேலையின் படிகளை வரிசையாக ஓட்டித் தரும் (அந்தப் படி வரிசைதான் ஒர்க்ஃப்ளோ) கிளவுட் சேவைகள் அமேசானின் ஸ்டெப் ஃபங்ஷன்ஸும் கூகுளின் ஒர்க்ஃப்ளோஸும். இரண்டின் விலைப் பக்கங்களையும் அருகருகே திறந்து வைத்தால் தலை சுற்றும். அமேசானின் ஸ்டாண்டர்டு வகையில் 1,000 ஸ்டேட் மாற்றத்துக்கு, அதாவது ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்கு, 0.025 டாலர். அதே அமேசானின் எக்ஸ்பிரஸ் வகையில் 10 லட்சம் ஓட்டத்துக்கு (ஒர்க்ஃப்ளோ ஒருமுறை ஓடினால் ஓர் ஓட்டம்) 1 டாலர், ஓடும் நேரத்துக்கும் மெமரிக்கும் தனிக்காசு. கூகுளிலோ உள் படி 1,000-க்கு 0.01 டாலர், கூகுளுக்கு வெளியே உள்ள சேவைக்குப் போகும் அழைப்பென்றால் 0.025. ஒரு கடையில் கத்தரிக்காய் கிலோக் கணக்கு, அடுத்த கடையில் கூறு கணக்கு. எது மலிவு என்று எப்படிச் சொல்வது?

நம் வேலையையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்டர் எடுக்கும் ஒர்க்ஃப்ளோ ஒன்று: 8 படிகள், அதில் 3 வெளி அழைப்புகள், ஒரு ஓட்டத்துக்கு 2 விநாடி, 64 எம்பி மெமரி, மாதம் 10 லட்சம் ஓட்டம். இலவச ஒதுக்கீட்டை விட்டுவிட்டு, படிக்கு ஒரு மாற்றம் என்று பார்த்தால் ஸ்டாண்டர்டில் சுமார் 200 டாலர், கூகுளில் 125, எக்ஸ்பிரஸில் 3 டாலர் சொச்சம்.

அந்த 3 டாலரைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் எக்ஸ்பிரஸ் ஓட்டம் 5 நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். மற்ற இரண்டும் ஓராண்டு வரை காத்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பின்னணியில் ஓடும் எக்ஸ்பிரஸ் ஒரே ஓட்டத்தை இரண்டு முறைகூட ஓட்டிவிடலாம். மின்னஞ்சல் இரண்டு தடவை போனால் சிரித்துவிட்டுப் போகலாம், பணம் இரண்டு தடவை பிடித்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எந்தப் படியில் விழுந்தது என்று பார்க்க ஸ்டாண்டர்டில் முடிந்த ஓட்டத்தின் வரலாறு 90 நாள் இருக்கும். எக்ஸ்பிரஸில் நாமே கிளவுட்வாட்ச் (அமேசானின் பதிவுச் சேவை) லாகைப் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த லாக் பில் மேலே சொன்ன 3 டாலரில் இல்லை.

வேகத்தை அளப்பதிலும் இதே ஏமாற்று உண்டு. 100 ஓட்டத்தில் 98 ஓட்டம் 200 மில்லி விநாடியில் முடிகிறது, 2 ஓட்டம் 9 விநாடி இழுக்கிறது என்று வையுங்கள். சராசரி 0.38 விநாடிக்கும் கீழே. டேஷ்போர்டில் பச்சை விளக்கு. பி99, அதாவது 100-ல் 99 ஓட்டம் எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்ற அளவை எடுத்தால்தான் அந்த 9 விநாடி தலைகாட்டும். எங்கள் பக்கம் ஒரு முறை இப்படித்தான் நடந்தது. ஒர்க்ஃப்ளோவைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு நாள் ஓடியது. கடைசியில் பார்த்தால் தாமதமெல்லாம் ஒரே ஒரு வெளி அழைப்பில். மொத்த நேரத்தை மட்டும் அளந்தால் அது தெரியவே தெரியாது. படிவாரியாக, ரீட்ரையையும் (விழுந்த படியை மறுபடி ஓட்டிப் பார்ப்பது) தனியாக எண்ணி அளக்க வேண்டும். ஸ்டாண்டர்டில் ரீட்ரைக்கும் காசு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நான் எடுப்பதென்றால் அமேசானின் இரண்டு வகையையும் கலந்துதான் எடுப்பேன்: பணம் பிடிக்கும் படி ஸ்டாண்டர்டில், ரசீது, மின்னஞ்சல், கையிருப்புத் திருத்தம் எல்லாம் அதன் கீழே ஓர் எக்ஸ்பிரஸில். வேலை முழுக்க கூகுளின் சொந்தச் சேவைகளுக்குள்ளேயே நடக்கிறதென்றால் வெளி அழைப்புக் கணக்கே வராது. 8 படிக்கு 80 டாலர்தான். அப்போது என் ஓட்டு கூகுளுக்குத்தான்.